முப்பத்தொரு காக்கி உறைகள்

காலை எட்டு மணி பத்து நிமிடம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தச் சின்னக் கம்பெனியின் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள். முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. ஸ்டோர்ஸ் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்டு, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தது. நான் ஒரு பேனா கேட்டேன். "சீட்டு?" என்றது கைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

கடவுளே நேரில் வந்து ஒரு போல்ட் கேட்டாலும், மேனேஜர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கக்கூடிய ஒரே மனிதர் அவர். ஸ்டோர்ஸில் சரக்கு கேட்டு எழுதித் தரும் சீட்டுக்கு இண்டெண்ட் என்று பெயர். அவருக்கும் அதுதான் பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

முதலாளியே ஆனாலும் தீர்ந்துபோன ரீஃபிலைக் காட்டினால்தான் புது ரீஃபில். ஒரு முறை எண்ணெய்த் துணித் தொட்டியில் தீப்பிடித்தபோது ஒரு கையால் தீயணைப்பானையும் மறு கையால் சீட்டுப் புத்தகத்தையும் நீட்டினார். தனக்கு சோப்பு வேண்டுமென்றால் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று சீட்டு எழுதுவார். பிறகு சுற்றிக்கொண்டு உள்ளே போய் அதைச் சரிபார்ப்பார். தேதி போடவில்லை என்று ஒரு தடவை தன்னையே திருப்பி அனுப்பியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் டிராயிங்குகள் வெளியே போகின்றன என்று சந்தேகம் வந்தபோது, முதலாளி எல்லோர் போனிலும் பூட்டுப்போட்ட சாட் ஆப் ஒன்றைக் கொண்டுவந்தார். அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறு யாரும் அதில் படிக்க முடியாது. கணக்கு தொடங்கியதும் ஒவ்வொருவருக்கும் நான்கு நான்கு எழுத்தாகப் பன்னிரண்டு கட்டங்களில் ஒரு மீட்புச் சாவி வந்தது. போன் போய்விட்டால், புதுப் போனில் பழைய செய்திகளைத் திறக்க அது ஒன்றே வழி.

கம்ப்யூட்டர் வேலை பார்த்த பிரபு எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இத எழுதிப் பத்திரமா வச்சுக்கோங்க. யார்கிட்டயும் குடுக்காதீங்க."

பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் இண்டெண்ட் எழுந்தார். "எல்லாத்தையும் ஸ்டோர்ஸ்ல ஒப்படைங்க."

"சார், யார்கிட்டயும் குடுக்கக் கூடாது."

"யார்கிட்டயும் இல்லப்பா. ஸ்டோர்ஸ்ல."

முப்பத்தொரு பேர், முப்பத்தொரு காக்கி உறைகள், அரக்கு முத்திரை. நாங்கள் சாவியை எழுதியபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நகல் வைத்திருந்தவர்களிடம் அதையும் வாங்கிக் கிழித்தார். "ஒரே சரக்கு ரெண்டு எடத்துல கீதுன்னா கணக்கு நிக்காது."

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, லாரி நிறையப் போன தகடுகள் திரும்பி வந்தன. டிராயிங்கில் துளை பதினொரு மில்லிமீட்டர்; போட்டிருந்தது பன்னிரண்டு. துளை போட்டவர் ஆரோக்கியம். அவர் தன் இஷ்டத்துக்குப் போட்டார் என்றார் சூப்பர்வைசர். சாட்டில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார் ஆரோக்கியம். சூப்பர்வைசர் போனில் அந்தச் செய்தி இல்லை. ஆரோக்கியத்தின் போன் முந்தின வாரமே மெஷினின் கூலன்ட் தொட்டியில் விழுந்து செத்திருந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. நிரூபிக்காவிட்டால் வேலை போய்விடும்.

"சர்வர்ல இருக்கு. ஆனா பூட்டியிருக்கு. என்னாலயும் தொறக்க முடியாது. சாவி வேணும்" என்றார் பிரபு.

செவ்வாய் மதியம் ஆரோக்கியம், வாழ்க்கையில் முதல்முறையாக, தேதியோடும் மேனேஜர் கையெழுத்தோடும் மூன்று பிரதிகளில் சீட்டு கொண்டுவந்தார்.

"இன்னா சார், கரெக்டா கீதா?"

"கரெக்டா கீது." இண்டெண்ட் பேரேட்டைத் திறந்தார். விரல் ஒரு வரியில் நின்றது. அங்கிருந்து நகரவில்லை.

"இன்னா சார்?"

"ஸ்டாக் இல்ல."

மார்ச் மாதக் கணக்கெடுப்பில் ஒரு விதி உண்டு. ஓராண்டாக அசையாத சரக்கைக் கழித்துவிட வேண்டும். அந்த உறைகளை யாரும் கேட்டதில்லை. 'அசையாச் சரக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பழைய காகிதத்தோடு கட்டிக் காயலான் கடைக்கு அவரே அனுப்பியிருந்தார்.

"எம் பெரிய புள்ள இப்பதான் காலேஜ் சேந்துகீது சார்" என்றார் ஆரோக்கியம். இண்டெண்ட் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.

புதன்கிழமை ஸ்டோர்ஸ் திறக்கவில்லை. வியாழனும் இல்லை. கதவுச் சாவி அவரிடம். ட்ரில் பிட் எடுக்க முடியாமல் இரண்டு மெஷின்கள் நின்றன. மேனேஜர் என்னை அவர் வீட்டுக்கு அனுப்பினார். "திருநின்றவூர் காயலான் கடைல இருக்காரு" என்றார் அவர் மனைவி, ஆபீஸ் போயிருக்கிறார் என்று சொல்லும் அதே குரலில்.

கடைக்காரர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "நைனா, நீ அந்தக் கம்பெனியா? மொதல்ல அவர இட்டுகினு போ. ரெண்டு நாளா குடோன தலகீழா பிரிச்சு, பேப்பர சைஸ் வாரியா அடுக்கிகினு கீறாரு. காலைல என் ஆளு ஒரு மூட்டைய எடுத்தா, சீட்டு எங்கன்றாரு. என் மூட்டைக்கு!"

உள்ளே, காகிதக் குன்றின் மேல் இண்டெண்ட் இருந்தார். பக்கத்தில் முப்பது உறைகள், வரிசையாக.

"ஆரோக்கியத்தோடது கிடைச்சுதா சார்?"

"நேத்து மத்தியானமே."

"அப்புறம் ஏன் வரல?"

"முப்பத்தொண்ணு போச்சு. முப்பத்தொண்ணு வரணும். நாளைக்கு இன்னொருத்தன் போன் வுழுந்தா?"

"இன்னும் யாரோடது பாக்கி?"

"சூப்பர்வைசரோடது."

"ஆரோக்கியத்த மாட்டிவிட்டவரோடதா?" என்றேன். "ஆளு எப்டி இருந்தா இன்னா? அதுவும் நம்ம பொறுப்புதான்" என்று சொல்லி, ஆரோக்கியத்தின் சீட்டைப் பையிலிருந்து எடுத்தார். 'பெற்றுக்கொண்டேன்' என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகு உறை என் கைக்கு வந்தது. கதவுச் சாவிக்குத் தனிக் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை காலை இண்டெண்ட் முப்பத்தொன்றாவது உறையோடு ஸ்டோர்ஸுக்கு வந்துவிட்டார். பத்து நாற்பதுக்கு ஆரோக்கியம் முத்திரையை உடைத்தார். அவர் ஒவ்வொரு கட்டமாக வாசிக்க, பிரபு அன்று காலைதான் வந்த புதுப் போனில் அடித்தார். பன்னிரண்டாவது கட்டம் முடிந்ததும் பழைய செய்திகள் ஒவ்வொன்றாக இறங்கின. நடுவில் சூப்பர்வைசர்: "பன்னெண்டு எம்.எம். போடு. டிராயிங்க நான் பாத்துக்கறேன்."

விசாரணை ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. பதினொன்றே காலுக்கு ஆரோக்கியம் மெஷினில் நின்றார்.

பிரபு எல்லோருக்கும் புதுச் சாவி எடுத்துக்கொடுத்து, அவரவர் வீட்டில் வைக்கச் சொன்னார். இண்டெண்ட் பேரேட்டில் 'அசையாச் சரக்கு' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் 'தவறு என்னுடையது' என்று, யாரும் கேட்காமலே, எழுதி வைத்தார்.

மாதக் கடைசியில் விடுப்புக் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. அவருடைய விண்ணப்பம் இருந்தது. புதன், வியாழன், இரண்டு நாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தார்.