நன்றாக இருந்த ஏழு ஸ்டட்டுகள்

கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறொரு இனத்தைப் பற்றி: நன்றாக இருப்பதைச் சரிசெய்கிறவர்கள். இவர்களுக்கு நாமாக ஒரு பெயர் வைத்துக்கொள்வோம், கையோடுகையார் என்று. ஏனென்றால் எந்த வேலையைத் தொட்டாலும், அது முடிகிற நேரம் பார்த்து, “கையோட கையா இதையும் பாத்துடலாமே” என்று ஒரு வார்த்தை இவர்கள் வாயிலிருந்து வந்து விழும். அதற்கப்புறம் அந்த வேலை முடியாது.

பார்த்திருப்பீர்கள். குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்ற வேண்டும் என்று தொடங்குவார். வாஷரை மாற்றியதும் குழாயே பழசுதானே என்பார். குழாயைக் கழற்றியதும் சுவருக்குள் போகிற பைப் எந்தக் கதியில் இருக்கிறதோ என்பார். சாயங்காலம் பார்த்தால் வீட்டுப் பெண்கள் பக்கத்து வீட்டு வாசலில் குடமும் வாளியுமாக நிற்பார்கள். ஆனால் ஒன்று, சொட்டுவது நின்றிருக்கும். சொட்டுவதற்குத் தண்ணீர் வேண்டாமா? விருந்தாளியாகப் போன இடத்திலும் இவர்கள் கண் சும்மா இருக்காது. காப்பியைக் கையில் வாங்கும்போதே அண்ணாந்து பார்த்து, துக்கம் விசாரிக்கிற குரலில், “இந்த ஃபேன் எவ்வளவு நாளா இப்படி முனகுது?” என்பார்கள். அந்த வீட்டுக்காரர் விவரம் தெரிந்தவராக இருந்தால் உடனே ஏணியை ஒளித்துவைப்பார்.

நமக்குத் தெரிந்த கையோடுகையார் ஒருவர் இருக்கிறார். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். அங்கே தன் மேஜைக்கு வந்த காகிதத்தை, நாலு பேர் நாலு முறை ஞாபகப்படுத்தாமல் தொடமாட்டார். இருப்பதை இருக்கிறபடியே விட்டுவைக்கிற அந்த உயர்ந்த பண்பு, என்ன காரணமோ, அலுவலக வாசலோடு நின்றுவிடும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் கை அரிக்க ஆரம்பித்துவிடும்.

அரிக்கிற கைக்கு வாகாக வீட்டில் ஒரு கார் இருந்தது. மாமனாருடைய பழைய கார். அவர் மகளைவிட, அதாவது நம்மவர் மனைவியைவிட, மூத்தது. மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும் சாலை சரியாகத் தெரியவில்லை என்ற நிலை வந்தபோது, பெரியவர் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். பெண்ணைக் கொடுத்தபோதுகூட அவர் கை அப்படி நடுங்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்தப் பெரியவர் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். எல்லோரும் பயந்துதான் போனார்கள். பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அவர் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “என் வண்டியிலயே என்னைக் கூட்டிட்டுப் போம்மா.”

மனைவி வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். “என்னங்க, அப்பா இதுவரைக்கும் எங்கிட்ட வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் எப்படியாவது நல்லபடியா செஞ்சு குடுங்க.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“அட, இதுக்குப் போய் அழுவாங்களா? வண்டி ஓடிட்டுதானே இருக்கு!” என்றார் நம்மவர். அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சரியான வாக்கியம் அது. அதோடு விட்டிருக்கலாம்.

வண்டி ஓடத்தான் செய்தது. எஞ்சினில் மட்டும் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். எஞ்சினிலிருந்து வருகிற சூட்டுப் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற தடித்த இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறதே, மேனிஃபோல்டு, அதை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்திருப்பவை எட்டு ஸ்டட்டுகள். ஸ்டட் என்றால் தலையில்லாத போல்ட். ஒரு முனை எஞ்சினுக்குள் முறுக்கியிருக்கும், மறுமுனையில் நட் உட்காரும். எட்டில் ஒன்றின் மரை தேய்ந்து நட் எங்கேயோ விழுந்துவிட்டது. அந்த இடுக்கு வழியாகப் புகை கசிந்ததுதான் சத்தம். ஒரு ஸ்டட்டை மாற்றினால் தீர்ந்தது.

மாற்றினார். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே மாற்றினார். துரு இளக்கும் எண்ணெயை வெள்ளிக்கிழமை காலையிலேயே அடித்து ஊறவிட்டார், அவசரப்படவில்லை, சாயங்காலம் வந்து ஸ்டட்டைக் குறட்டால் கவ்விப் பிடித்து, முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம் என்று குழந்தையைத் தூங்கவைப்பதுபோல அசைத்து அசைத்து எடுத்தார். புது ஸ்டட் போட்டு நட்டை முடுக்கி வண்டியைக் கிளப்பினால், டிக்கும் இல்லை டக்கும் இல்லை. உள்ளேயிருந்து மனைவி ஓடி வந்து காதை வைத்துக் கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்தது.

சனிக்கிழமை காலை ஷெட்டுக்கு வந்தார் நம்மவர். எதற்கு வந்தார்? சும்மா பார்க்கத்தான். பார்த்தால், புது ஸ்டட் பளபளவென்று நிற்கிறது. பக்கத்தில் மற்ற ஏழும் துருவேறி, கறுத்து, பரம்பரை ஏழைகள் மாதிரி நிற்கின்றன. அவை நன்றாகத்தான் இருந்தன. இறுக்கமாக, ஒரு குறையும் சொல்லாமல், இத்தனை வருஷம் செய்த வேலையைச் செய்துகொண்டு. ஆனால் கண்ணுக்கு எப்படி இருக்கிறது? மாமா பானெட்டைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்?

“கையோட கையா இந்த ஏழையும் மாத்திடலாம்” என்றார், யாரும் கேட்காமலே.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை இங்கேதான் ஆரம்பம். நேற்று ஒரு ஸ்டட்டுக்குப் பகல் முழுக்க எண்ணெய் ஊறவைத்த மனிதர், இன்று ஏழுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்தான் கொடுத்தார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஸ்பேனர் அசையவில்லை என்றதும் அதன் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகினார். பலம் கூடுமாம். கூடியது. ஒரே இழு. ஸ்டட் வெண்ணெய் மாதிரி திரும்பியது.

“வந்துடுச்சு!” என்று கத்தினார்.

வரத்தான் வந்தது, பாதி. மீதிப் பாதி எஞ்சினுக்குள்ளேயே, ஓட்டை வாயோடு வாயாக முறிந்து உட்கார்ந்துகொண்டது. பிடித்து இழுக்க ஒரு மயிரிழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

இந்தச் சமயத்தில் மனைவியின் தம்பி வந்தான். அக்கா புருஷனின் நெற்றியில் இருந்த வேர்வையைப் பார்த்தான், கையில் இருந்த அரை ஸ்டட்டைப் பார்த்தான். “மச்சான், நாளைக்கு எதுக்கும் ஒரு டாக்ஸி சொல்லி வெச்சிடவா?”

“டாக்ஸியா? என்னைப் பாத்தா எப்படி இருக்கு உனக்கு? உங்கப்பா இந்த வண்டியிலதான் வருவாரு, போ!”

தம்பி போனான். போய் டாக்ஸிக்குச் சொல்லிவைத்தான்.

மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை உடைத்தாகிவிட்டது. சாதாரண மனிதன் என்றால் மற்ற ஆறையாவது விட்டுவைத்து, ஒரு மெக்கானிக்கைத் தேடி ஓடுவான். நம்மவர் சாதாரண மனிதரா? முறிந்த துண்டின் நடுவில் துளை போட ட்ரில்லை எடுத்தார். அது நடுவை விட்டு ஓரத்துக்கு நழுவியது. துளைக்குள் செருகித் துண்டைத் திருகி எடுக்க எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு கருவி உண்டு, அதைச் செருகித் திருகினார். அதுவும் உள்ளேயே முறிந்தது. அந்தக் கருவியின் இரும்பு எப்படிப்பட்டது தெரியுமா? ட்ரில் போட்டால் ட்ரில்தான் மழுங்கும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, அதை விரட்ட உடும்பையும் உள்ளே விட்டாயிற்று. இனி ஒரே வழிதான்: எஞ்சினின் மேல்பாதியான ஹெட்டையே கழற்றுவது. கழற்றினார். கழற்றியதை வைக்க ஷெட்டில் இடமில்லை, சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தார். கவனமான மனிதர், அடியில் துணி விரித்துத்தான் வைத்தார். அப்பாவுக்காக மனைவி துவைத்து மடித்துவைத்திருந்த படுக்கை விரிப்பு.

மனைவி வந்து பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“ஓடுச்சே” என்றாள். “நேத்து நல்லா ஓடுச்சே!”

“இல்லம்மா, மத்த ஏழும் பாக்க...”

“அப்பா ஏழைக் கேட்டாராங்க? வண்டியைத்தானே கேட்டாரு!”

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஷெட்டுக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து, ஹெட் இருந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் டாக்ஸியில் வந்து இறங்கினார். மகள் ஒரு கையைப் பிடித்திருந்தாள், மகன் ஒரு கையை. வீட்டுக்குள் போகாமல் நேராக ஷெட்டுக்கு நடந்தார். திறந்து கிடந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை எழுந்து நின்றார். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தார்.

“மாமா, நான்...”

“கதவைத் திறங்க மாப்ள.”

திறந்தார். பெரியவர் மெல்ல ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். மகள் சுற்றிவந்து பக்கத்தில் ஏறி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவர் ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவிக் கொடுத்தார். “ஓடலைன்னா என்ன? நானும்தான் ஓட மாட்டேன் இனிமே” என்றார். பிறகு திரும்பி, “நீங்களும் பின்னாடி ஏறுங்க மாப்ள” என்றார்.

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது, பொய்யில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அவருக்கு அந்த வாரத்திலேயே முதல்முறையாக மனசு லேசானது. அந்த லேசான மனசோடு கை பக்கத்துக் கதவில் பட்டது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கைப்பிடி ஒரு நூல் தளர்ந்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு திருகாணிதான். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர்கூட இருந்தது.

முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் பெரியவரின் கண்கள் தெரிந்தன.

“மாப்ள, கையை மடியில வைங்க.”

வைத்தார். எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், நமக்கென்ன வந்தது என்று. இருக்கட்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் ஒரு கால் லேசாக ஆடுகிறதே, கவனித்தீர்களா? இத்தனை வருஷமாக ஆடிக்கொண்டேதான் உங்களைத் தாங்கியிருக்கிறது. வீட்டில் மற்றவர்களும் உட்கார வேண்டியிருக்கிறது. குனியாதீர்கள்.