மதகுச் சாவி யார் இடுப்பில், மாப்பிள்ளை?

மரக்காணம்,
22.5.2005

மரியாதைக்குரிய மாப்பிள்ளை புருஷோத்தமன் அவர்களுக்கு, மாமனார் தட்சணாமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. நலமாக இல்லை. பெங்களூரில் நீங்களும் சத்யப்ரியாவும் நலமாகத்தான் இருப்பீர்கள், அங்கே மழை பெய்தால் உங்களுக்கு எதுவும் கரையாது.

பொங்கலுக்கு வந்த இடத்தில் நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். யார் உப்பு முதலில் லாரி ஏறுவது என்பதற்கு எங்கள் உற்பத்தியாளர் சங்கத்தில் காலங்காலமாகக் குடத்தில் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தோம். பக்கத்து உப்பளத்துக் கன்னியப்பன் குடத்துக்குள் கையை விட்டால் அவன் சீட்டே வருகிறது, இது திருட்டுக் குடம் என்று நான் சண்டை போட்டது உண்மை. அதற்காக நீங்கள் சங்கத்துக் கம்ப்யூட்டரில் சீட்டு எடுக்கும் ஒரு புரோகிராமை ஏற்றி, "இது யாருக்கும் சொந்தமில்ல மாமா, எல்லாருக்கும் சொந்தம். உள்ள எழுதினதெல்லாம் திறந்தே கெடக்குது, யாரு வேணா திருத்தலாம்" என்றீர்கள். செயலாளர் என்ற திமிரில் நானும் அத்தனை பேர் எதிரில் குடத்தைப் போட்டு உடைத்தேன். போன வாரம் வைரஸ் வந்து, கூனிமேட்டு மெக்கானிக் நியாஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினார். உங்கள் புரோகிராம் மட்டும் எழுந்திருக்கவில்லை. கேட்டால், "புரோகிராம் உங்களுதுதாங்கய்யா. அது ஓடறதுக்குக் கீழ ரன்டைம்னு ஒண்ணு வேணும், அது கம்பெனிக்காரனுது. சும்மாதான் குடுக்கறான், ஆனா தொறந்து பாக்க முடியாது, திருத்தவும் முடியாது. இப்ப புதுசுதான் குடுக்கறான், நம்ம பழைய மிஷின்ல அது ஏறாது" என்கிறார்.

மாப்பிள்ளை, நீங்கள் கோபப்படாதீர்கள், இப்போது கோபப்படுவது என் முறை. உப்பளம் என் பெயரில் இருந்து, தண்ணீர் வரும் மதகின் சாவி எவனோ ஒருவன் இடுப்பில் தொங்கினால் அது என் உப்பளமா? இந்த ஊரில் நேற்றுப் பிறந்த பிள்ளைகூட அப்படி ஒரு நிலத்தை வாங்காதே! சுதந்திரம் சுதந்திரம் என்று சொல்லி, கடைசியில் எங்களை அந்தக் கம்பெனிக்காரன் வாசலில் கொண்டுபோய்க் கட்டிவிட்டீர்களே! லாரிகள் ரோட்டோரம் நிற்கின்றன, உப்பு வெட்டவெளியில் கிடக்கிறது, கீழ்புத்துப்பட்டுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. வேறு குடம் வைக்கலாம் என்று எந்த வாயால் சொல்வேன்? கன்னியப்பன் வேறு வாசலில் வந்து நின்று, "இன்னாங்க செயலாளரே, மழையும் உங்க மாப்ள புரோகிராம பாத்துதான் வருமா?" என்கிறான். எல்லார் உப்பும் கரைந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

உடனே பஸ் ஏறுங்கள். மேலிருந்து கீழ்வரை நமக்கே சொந்தமான ஒன்றை வைத்துக் கொடுங்கள், முடியாவிட்டால் ஒரு நல்ல குடமாவது வாங்கி வாருங்கள்.

கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு. இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
தட்சணாமூர்த்தி

பி.கு.: உறை ஒட்டுமுன் நியாஸ் ஓடி வந்தார். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த பழைய சிடியில் அந்தப் பழைய ரன்டைம் இருந்ததாம். சங்கத்துக்குப் போய்ப் போட்டதும் திரையில் இங்கிலீஷில் பக்கம் பக்கமாக ஏதோ வந்து, சம்மதமா என்று கேட்டது. "இன்னா எழுதிக்குதுன்னு படிங்க, செயலாளரே" என்றான் கன்னியப்பன். வானம் இடித்தது. படிக்காமலே சம்மதம் என்று அழுத்திவிட்டேன். புரோகிராம் எழுந்து எடுத்த சீட்டில் முதல் லாரி எனக்கே வந்திருக்கிறது. ஆகவே நீங்கள் வர வேண்டாம். சாவி அந்தக் கம்பெனிக்காரன் இடுப்பிலேயே இருக்கட்டும்.