கடைசியாப் போறவங்க முதல்ல ஏத்தணும்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா உள்ளே இருக்கிற என் சம்சாரத்துக்குக் கேட்டுடும்.

நான் லாரியில சரக்கு ஏத்துறவன். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ரெண்டு தடவை லேட். "இன்னொரு வாட்டி லேட்டா வந்தே, மதிய ஷிப்டுல தூக்கிப் போட்டுடுவேன்"னு மேஸ்திரி சொல்லிட்டார். மதிய ஷிப்டு முடிய ராத்திரி பத்து ஆகும். அப்போ ஆறுலேருந்து எட்டு வரைக்கும் எங்க வீட்டு எதிர் கிளப்புல நான் ஆடுற கேரம் என்ன ஆகுறது? என் உசுரே அதுலதான் இருக்கு.

தப்பு என்மேல இல்லீங்க. எங்க வீட்டு வாசலைப் பார்த்தா நீங்களே சொல்வீங்க. செருப்பு மலை. அதுக்கடியில என் ஒத்தை ஷூ. இன்னொண்ணு பொண்ணோட புத்தகப் பைக்கு அடியில. வண்டிச் சாவி எங்கேன்னு கடவுளுக்கே வெளிச்சம்.

ஒரு ஞாயித்துக்கிழமை பூரா பலகையோட மல்லுக்கட்டி நீளமா ஒரு பெட்டி செஞ்சேன். லாரி மாதிரியே ஒரு பக்கம் மட்டும் வாய். சம்சாரத்தையும் பொண்ணையும் கூப்பிட்டு உட்கார வச்சுச் சட்டம் போட்டேன்.

"கடைசியா இறங்குற சரக்கை முதல்ல ஏத்தணும். காலையில முதல்ல போறது நான், அப்புறம் பொண்ணு, கடைசியா நீ. அதனால உன் செருப்பும் பையும் உள்ளே அடியில. அதுக்கு முன்னால பொண்ணோடது. வாய்கிட்ட என்னோடது. வீட்டுக்கு வந்தவங்க தங்க சரக்கை ஏத்தாம இந்த வாசலை விட்டு நகரக்கூடாது. மீறினா ஒரு மாசம் காலைச் சமையல்!"

மருந்துக்கடையில பில் போடுறவ என் சம்சாரம். தலையைச் சாய்ச்சுக் கேட்டா.

"ஏங்க, சாயங்காலம் வரும்போது..."

"சரக்கு ஏத்த எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஐயோ, நான் எதுக்கு? எழுதி ஒட்டுங்க. மூணு பேரும் கையெழுத்துப் போட்டுடலாம்."

முதல் கையெழுத்து என்னோடது. அந்தக் கையை நினைச்சா இப்பவும் மனசு ஆறலை.

மறுநாள் மூணு மணிக்கு வந்தேன். பெட்டி காலி. ஷூவைக் கழட்டி வைக்கப் போன கை பாதியில நின்னுது. அவ வச்சு, பொண்ணு வச்சு, அப்புறம்தானே நான்? காலையில போற வரிசையை எண்ணினவன் சாயங்காலம் வர்ற வரிசையை எண்ணலையே! ஷூவை மடியில வச்சுக்கிட்டு ஸ்டூல்ல உட்கார்ந்தேன்.

அஞ்சு மணிக்குப் பொண்ணு வந்தா. அவளுக்கும் அதே கதிதான். பக்கத்துல உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிச்சா.

"அப்பா, நீங்க எங்கூட இப்படி உட்கார்ந்து எவ்வளவு நாளாச்சு?"

சம்சாரம் வர்றாளான்னு நான் தெருவை எட்டிப் பார்த்தேன்.

ஆறு மணிக்குச் சம்சாரம் வந்தா.

"சீக்கிரம் ஏத்தும்மா, கிளப் திறந்தாச்சு!"

"ஏத்துறேன். கால் வலிக்குது, கொஞ்சம் உட்கார்றேன்." செருப்போடவே படியில உட்கார்ந்தா.

"இதென்ன அநியாயம்?"

"நகரக்கூடாதுன்னுதானே எழுதியிருக்கீங்க? நான் நகரலையே. எத்தனை மணிக்குள்ள ஏத்தணும்னு எங்க எழுதியிருக்கு?"

"நான் சட்டத்தை மீறிட்டுப் போறேன் பாரு!"

"தாராளமாப் போங்க. நாளைக்கு நாலு மணிக்கே எழுந்து அடுப்பைப் பத்த வைங்க. ஆறு மணி ஷிப்டு வேற இருக்கு."

பொண்ணு புத்தகத்தால முகத்தை மூடிக்கிட்டுக் குலுங்கினா.

அப்புறம் அவ பேச ஆரம்பிச்சா. கடையில சண்டை போட்ட கிழவர் கதை, மூணு மாசமா இருக்கிற முட்டி வலி, பொண்ணு மேல படிக்க ஆசைப்படுறது. எதுவுமே எனக்குத் தெரியாது. ஒரு காதை அவகிட்ட கொடுத்தேன். இன்னொரு காது எதிர் கிளப்புல விழுற கேரம் காயைத்தான் எண்ணிக்கிட்டிருந்தது.

எட்டு மணி. கிளப் ஷட்டரைச் சர்ருன்னு இழுத்துச் சாத்தினாங்க.

அவ பேச்சை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, மெதுவாக் குனிஞ்சு செருப்பு வாரைக் கழட்டினா.