காற்றில்லாத பெட்டியில் கற்பூரம்

திருவனந்தபுரம்

மதிப்பிற்குரிய மச்சான் தளவாய் அவர்களுக்கு, சுடலைக்கண்ணு வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் தங்கை பேச்சியும் நலம். வீட்டில் அக்காவுக்கு முட்டுவலி குறைந்ததா? முதியோர் வகுப்பில் படித்தபின் என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. காலையில் தொடங்கினேன், வெயில் சாய்ந்துவிட்டது.

என் வேலை போய்விடும் என்று பேச்சி உங்களிடம் போனில் அழுதாளாம். போகாது. நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் கம்பெனியில் கடிகாரத்துக்குள் துடிக்கும் குவார்ட்ஸ் கல் செய்கிறார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புப் பெட்டிக்குள் கல்லை வைத்து வெள்ளி பூசுவார்கள். ஒரு தூசி விழுந்தாலும் துடிப்பு தப்பிவிடும். அதனால் அறை வாசலில் நான் நிற்கிறேன். பவுடர், திருநீறு, சந்தனம் எல்லாம் துடைக்கவைத்து, அங்கி மாட்டித்தான் உள்ளே விடுவேன். என்ஜினீயர் ஸ்ரீலட்சுமி அம்மாவே என்னிடம் நெற்றியைக் காட்டிவிட்டுத்தான் போவார். இந்த வயதில் வேறென்ன வேண்டும்?

போன வாரம் புதுப் பெட்டி வந்தது. மேனேஜர் ஜெயகுமார் பூஜை போட பழவங்காடி பிள்ளையார் கோவிலிலிருந்து தேங்காயையும் சேஷன் சாமியையும் கூட்டிவந்துவிட்டார். நான் மறித்தேன். "அண்ணாச்சி, தெய்வகாரியத்துக்கு எந்தா தூசி? மாறி நில்லும்" என்றார். சட்டம் சட்டம்தானே? சாமிக்கு அங்கி, தொப்பி, முகமூடி மாட்டினேன். "ஓய், மூச்சு முட்டறது! மந்திரம் காது வழியாவா வரும்?" என்று அவர் கத்த, தேங்காயை ஸ்பிரிட்டில் குளிப்பாட்டி, பிளாஸ்டிக் பைக்குள்ளேயே உடைக்கவைத்தேன். கற்பூரப் புகைக்குத்தான் வழியில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது.

"சார், பெட்டிக்குள்ள கொளுத்தி வச்சுக் கதவைப் பூட்டுனா, புகை வெளிய வராதுல்லா?"

மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்தார். "இதாக்கும் புத்தி! நீங்கள்லாம் கண்டு படிக்கணும்" என்றார் என்ஜினீயர்களிடம்.

காற்றை உறிஞ்சியதும் சுடர் பொசுக்கென்று அணைந்தது. "அபசகுனம்!" என்றார் சாமி. பிறகு அந்தப் பெட்டியில் பூசிய கற்களில் ஒன்றும் ஒழுங்காகத் துடிக்கவில்லை. விசாரணை வைத்தார்கள். பெட்டியில் குற்றமில்லை, கற்பூரத்தில் குற்றமில்லை, அது பாதியில் அணைந்ததுதான் குற்றம் என்று முடிவாயிற்று. "உள்ள காத்தே இல்லியே சார், எப்படி எரியும்?" என்றார் ஸ்ரீலட்சுமி அம்மா. "தெய்வதோஷம் பேசாதே மோளே" என்று மேனேஜர் அடக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை பரிகார பூஜை. யோசனை என்னுடையது என்பதால் பொறுப்பும் எனக்கே. இப்படிப்பட்டவனை யாராவது வேலையைவிட்டு நீக்குவார்களா?

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் வயலில் தண்ணீரும் வீட்டில் சிரிப்பும் வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சுடலைக்கண்ணு

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மேனேஜர் போன் செய்தார். கல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்து, கற்பூரம் யார் யோசனை என்று கேட்டார்களாம். மேனேஜர் நேர்மையானவர், மறைக்காமல் என் பெயரைச் சொல்லிவிட்டார். நாளைமுதல் நான் வரவேண்டாமாம். வாசலுக்கு ஆள் தேடுகிறார்கள். உங்கள் மகன், என் மருமகன் பிரவின்ராஜ் சும்மாதானே இருக்கிறான், உடனே பஸ் ஏற்றிவிடுங்கள். நல்ல நிரந்தரமான வேலை.