ஐரோப்பாவுக்கு அடித்த கறுப்பு பெயின்ட்

பிள்ளைகளின் ஸ்கூல் புராஜெக்டில் பெற்றோர் கை வைக்கக் கூடாது என்பது ஊரறிந்த உண்மை. ஊரறிந்த எதுவும் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவரும்.

ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் மிடில் ஸ்கூல் படிக்கும் என் மகள் யாழினிக்கு வரலாற்றில் ஒரு மாடல். ஒரு பக்கம் கலீபாக்கள் காலத்துப் பாக்தாத், மறுபக்கம் அதே காலத்து ஐரோப்பா. பெற்றோர் முன்னிலையில் ஒப்பிட்டுப் பேச வேண்டும். நன்றாகச் செய்தால்தான் அவள் ஆசைப்பட்ட ஹானர்ஸ் என்ற சிறப்பு வகுப்பில் இடம்.

"அப்பா, ஐ கேன் டூ இட்."

"நீ பேசினா போதும்மா. மத்தத அப்பா பாத்துக்கறேன்."

பாக்தாத் என்னை மயக்கிவிட்டது. மருத்துவமனை, நூலகம், வானவியல், அல்ஜீப்ரா! அறிஞர்களுக்குப் பொம்மை வேண்டுமே? நவராத்திரிக்கென்று என் மனைவி கல்பனா கராஜில் வைத்திருந்த கொலுப் பெட்டியைத் திறந்தேன். (அனுமதியா? யார் கேட்டது?) மளிகைக் கடைச் செட்டியாருக்கு மார்க்கரில் தாடி வரைந்து தலைமை மருத்துவராக்கினேன். அவருடைய பருப்பும் மிளகாயும் மருந்துகளாயின. சீரியல் லைட்டும் போட்டாயிற்று. ஐரோப்பாவுக்கு வரும்போது பொம்மையும் தீர்ந்தது, பொறுமையும் தீர்ந்தது. அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்தேன். இருண்ட காலம்தானே!

பேச வேண்டிய நாளன்று ஆசிரியை மாடலைக் குனிந்து பார்த்துவிட்டு யாழினியிடம் ஆங்கிலத்தில் கேட்டார், "ஐரோப்பாவில் அப்போது யாருமே இல்லையா?"

அவள் வாய் திறப்பதற்குள் நான் பாய்ந்தேன். "டார்க் ஏஜஸ், மேடம்!"

அறையே சிரித்தது. யாழினியின் முகம் சிவந்தது.

"அப்பா, ப்ளீஸ். லெட் மீ டாக்."

பாக்தாத் கூட்டத்திலிருந்து இரண்டு பொம்மைகளை எடுத்துக் கறுப்பில் வைத்தாள். இவர்கள் மடத்துத் துறவிகள், இவர்களும் உட்கார்ந்து நூல்களைப் படியெடுத்தார்கள் என்றாள். பாக்தாத் கிரேக்க, இந்திய நூல்களைத் தேடி மொழிபெயர்த்தது, அந்த அறிவு பிறகு ஐரோப்பாவுக்கும் போனது என்றாள். கடைசியில் கறுப்பைத் தொட்டுக் காட்டினாள். "இது ஐரோப்பா இல்லை. என் அப்பா படிக்காமல் விட்ட பகுதி."

இம்முறை சிரிப்போடு கைதட்டலும் சேர்ந்தது. நானும்தான் தட்டினேன், வேறென்ன செய்ய?

ஹானர்ஸ் கிடைத்தது. செட்டியாரின் தாடிதான் போகவில்லை. கொலுவுக்கு வரும் ஆன்ட்டிகள் விசாரித்தால், "பாக்தாத் டாக்டர். அப்பாயின்ட் பண்ணது இவர்தான்" என்று கல்பனா என்னைக் காட்டுகிறாள்.

இப்போதும் வாட்ஸாப்பில் படித்ததை வைத்து நான் நாடுகளை ஒப்பிட ஆரம்பித்தால், யாழினி தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள்: "அப்பா, விச் சைட் ஆர் வீ பெயின்டிங் டுடே?"

அத்தோடு நான் ரசம் ஊற்றிக்கொள்கிறேன்.