கச்சிமுகம்மது பார்த்துக் கொடுத்த இடம்

உலகத்தில் இடம் வாங்கி விற்பவர்கள் உண்டு, இடம் அளப்பவர்கள் உண்டு, இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவர்களும் உண்டு. இவர்கள் எவரோடும் சேராத தனி இனமொன்று நம் கரையோரத்தில் செழித்து வளர்கிறது. அதன் பெயர் இடஞ்சொல்லி. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது என்று வையுங்கள். வாழ்த்துச் சொல்ல ஆள் வருமுன் இடஞ்சொல்லி வந்துவிடுவார். என்ன வேலை என்று கேட்கமாட்டார். "எங்க தங்கப் போற?" அவ்வளவுதான். நீங்கள் எந்த இடத்தைச் சொன்னாலும் அது கூடாது.

இந்த இனத்தின் திலகம் கச்சிமுகம்மது. கல்முனையிலிருந்து தனியாளாகக் கொழும்புக்கு வேலைக்குப் போனவர்கள் அத்தனை பேருக்கும் இருப்பிடம் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான் என்று ஊரில் ஒரு கதை. பள்ளிவாசலடியிலும் சொன்னார்கள், பஸ் நிலையத்திலும் சொன்னார்கள். கதையைச் சும்மா விடலாமா? விசாரித்தோம். கொட்டாஞ்சேனையில் அறையெடுத்து வங்கியில் வேலை பார்க்கும் றிபாஸ் பெருநாளைக்கு வந்திருந்தான்.

"கச்சிமுகம்மது மாமா செல்லித்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனயா, தம்பி?"

"ஓம். கொழும்புல அவர் பழுது செல்ல மறந்த ஒரே எடம் அதுதான். அவருக்கு ஞாபகம் வர முந்திப் போய் ஏறிட்டன்."

கதை உண்மைதான், ஒரு வகையில்.

ஆதிலாவுக்கு அந்த வழியும் இல்லை. அவள் கச்சிமுகம்மதின் தங்கை மகள். கியூ.எஸ். படித்தவள், ஒரு கட்டடத்துக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சீமெந்து என்று வரைபடத்தைப் பார்த்தே கணக்குச் சொல்லிவிடுவாள். கொழும்பு நாரஹேன்பிட்டியில் வேலை கிடைத்தது. மாதம் பிறந்ததும் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். பாமன்கடைப் பகுதியில் ஒரு மேல்மாடி அறையையும் அவளே தேடிப் பிடித்திருந்தாள். வீட்டுக்காரி ஷாஹினா வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். கட்டாரிலிருந்த வாப்பா, "மாமாக்கிட்டக் கேளுங்க" என்று சொல்லி நழுவிக்கொண்டார். உம்மா அதற்கும் ஒரு படி மேலே போனார்.

"காக்கா சரியெண்டாப் போ. இல்லாட்டி ஊட்டோட இரி."

உம்மாவின் அண்ணனான அந்தக் காக்கா வந்தார். வந்தார் என்றால், நிந்தவூரிலிருந்து மனைவி றபீக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து, இருந்தவற்றுள் நல்ல கதிரையை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டு, சாரனைச் சரிசெய்து, பிளேன்ரீயில் ஒரு மிடறு விழுங்கி, தொண்டையைச் செருமி, கொழும்பைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கினார்.

வெள்ளவத்தை? "கடக்காத்து. ஊட்டு ஃபிரிட்ஜ் துருப்புடிச்சுப் பெய்த்திரும்." சொல்கிறவரின் வீட்டு முற்றத்தில் நின்றால் நிந்தவூர்க் கடல் கூப்பிடு தூரம். தெமட்டகொடை? "ரயில்பாதையடி. கோச்சிச் சத்தம்." மாளிகாவத்தை? "எங்கட ஆக்கள் கூடிப்போச்சு. நீ அங்க தும்முனா இஞ்ச உம்மாக்குக் கேக்கும்." கொள்ளுப்பிட்டி? "எங்கட ஆக்களே இல்ல. தும்முனா ஆர் கேப்பா?" தெஹிவளை? இங்கே குரல் தாழ்ந்தது. "மிருகக்காட்சிச்சாலச் சிங்கம் ராவைக்கு உறுமும், மகள். நீ தனிச்ச பொம்புளப் புள்ள."

"சரி மாமா, பாமன்கடை?"

கண்ணை மூடிக்கொண்டார். "அது சரி வராது."

"ஏன் மாமா?"

"சரி வராது எண்டாச் சரி வராதுதான், புள்ள."

இடஞ்சொல்லியின் கடைசி ஆயுதம் இது. காரணம் சொன்ன பழுதுக்கு மறுமொழி சொல்லலாம். காரணமே இல்லாத பழுதை என்ன செய்வது? அடுப்படியிலிருந்து உம்மாவின் பெருமூச்சு கேட்டது. உம்மா பெருமூச்சு விட்டால் தீர்ப்பு எழுதியாயிற்று. வேலை கைநழுவுவது ஆதிலாவின் கண்ணுக்கு நேரே தெரிந்தது. அழலாமா என்று ஒருகணம் யோசித்தாள். பிறகு கியூ.எஸ். மூளை வேலை செய்தது. மரியாதை குறையாமல் கேட்டாள்.

"மாமா, இப்ப நீங்க இரிக்கிற எடத்த எப்புடிப் பாத்து எடுத்த?"

மாமா பிளேன்ரீக் கோப்பையை மறுபடி கையில் எடுத்தார்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும். றபீக்கா மாமி சிரிக்கத் தொடங்கினார், அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இவரா! மாப்புளக் கோலத்துல கார்ல ஏத்தி வந்து எங்கட வாசல்ல எறக்கி உட்டாங்க. மறுகா விடியச் சுபஹுத் தொழப் பள்ளிக்குப் போன மனிசன், திரும்பி வர ஊடு தெரியாம அடுத்த வளவுக்குள்ள பூந்துட்டார். எங்கட வாப்பா போய்க் கையப் புடிச்சிக் கூட்டி வந்த."

"நீ கொஞ்சம் வாயப் பொத்து" என்றார் கச்சிமுகம்மது.

ஆக, கொழும்பையே கூறுபோட்ட மனிதர் தன் ஆயுளில் ஓரிடத்தையும் தெரிந்தெடுத்தவரில்லை. பிறந்தது உம்மாவின் வீடு, புகுந்தது மனைவியின் வீடு. அவர் மட்டுமா? ஊரில் இடஞ்சொல்லும் ஆண்கள் அத்தனை பேரையும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் கார் இறக்கிவிட்ட வாசலில் குடியிருப்பவர்கள்தான்.

ஆனாலும் இடஞ்சொல்லி தோற்பதில்லை. "அப்ப வாங்க, நேர போய்ப் பாப்பம்!" என்று எழுந்தார். வெள்ளிக்கிழமைக்கு முன்பே மாமா, மாமி, ஆதிலா மூவரும் பாமன்கடையில் நின்றார்கள். சுவரைத் தட்டினார். குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தொழுவதற்குக் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டார். யன்னலடியில் நின்று, சிங்கம் உறுமுகிறதா என்றும் காது கொடுத்தார். பழுதொன்று அகப்படுகிற நேரம் பார்த்து, ஆதிலா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த ஷாஹினா தேத்தண்ணியோடு வந்தார்.

"நீங்க கொழும்பு நல்லாத் தெரிஞ்ச ஆளாமே? நீங்களே சொல்லுங்க, எடம் எப்படி ஈக்கிது?"

கொழும்பில் ஓராள் இடத்தைப் பற்றி அவரிடம் கேட்டது இதுவே முதல் தடவை. கச்சிமுகம்மதின் நெஞ்சு அரை அடி முன்னால் வந்தது.

"இதவிட எடம் எங்க கிடைக்கும்! நான் அப்பவே செல்லல்லயா, மகள்?"

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆதிலா, "ஓம் மாமா" என்றாள். வேலையைக் காப்பாற்ற அந்த இரண்டு சொல் போதுமென்றால் யார்தான் சொல்லமாட்டார்கள்?

திரும்பும்போது நல்ல மழை. ஷாஹினா தன் குடையைக் கொடுத்தார். நீலப் பூப்போட்ட குடை. பிறகு ஆதிலா கொழும்புக்குப் புறப்பட்டபோது அதை அவளிடம் கொடுத்தனுப்ப மாமா மறந்துவிட்டார்.

ஆதிலா மாதம் பிறந்ததும் வேலையில் சேர்ந்தாள். ஊரிலோ கதை இன்னும் கொழுத்துவிட்டது: தங்கை மகளுக்கும் கச்சிமுகம்மதுதான் இடம் பார்த்துக் கொடுத்தாராம். உம்மாவே சொல்கிறார். சாட்சிக்குக் குடை இருக்கிறது. கொளுத்தும் வெயிலிலும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு போகிறார் மனிதர். யாராவது பார்த்தால், "கொழும்புக் குடை" என்கிறார். ஆதிலா போனில் நினைவூட்டினால் ஒரே மறுமொழிதான்: "அடுத்த புள்ளைக்கு எடம் பாக்கப் போறப்பக் கொண்டு குடுப்பன், மகள்."

இதுவரை சிரித்தீர்கள், நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறோம், மறைக்காமல் சொல்லுங்கள். பாமன்கடை என்று வாசித்த உடனே, "பாமன்கடையா? மழைக்குத் தண்ணி நிக்குமே!" என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா, இல்லையா?

அப்படியானால் நிந்தவூர்ப் பக்கம் வந்து அந்தக் குடையை வாங்கிக்கொண்டு போய் ஷாஹினாவிடம் கொடுத்துவிடுங்கள். எப்படியும் யாருக்காவது இடம் சொல்லப் போகிறவர்தானே நீங்கள்.