ஈர அறைக்கு ஒரு ரிப்போர்ட்

என்ன ஆனாலும் சரி, அந்த அறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சந்தோஷ்குமார் முடிவெடுத்தார். முடிவெடுத்தது குளியலறையில். வீட்டில் அவர் தன்னிச்சையாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அங்கேயும் வெளியிலிருந்து "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று குரல் வந்தால் முடிவைப் பாதியில் விட்டுவிட்டுத் துண்டோடு வந்துவிட வேண்டும்.

செவிலிமேட்டு வீட்டில், சமையலறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருக்கிறது அந்த அறை. அவர் அதை ஆபீஸ் என்பார். ஆபீஸில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஃபேன், ஒரு சின்ன டிவி, கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். இந்த நான்கில் அவருக்கு உயிர் அந்தத் தாழ்ப்பாள்தான்.

அவர் தொழில் வீடு பார்ப்பது. குடியேற அல்ல, குறை கண்டுபிடிக்க. வீடு வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவரைக் கூட்டிப் போவார்கள். சுவரைத் தட்டுவார். தரையில் கோலிக்குண்டு உருட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். ஈரம் காட்டும் மெஷினைச் சுவரில் வைத்து உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலிலேயே விற்பவர் விலையைக் குறைத்துவிடுவார். கடைசியில் ரப்பர் ஸ்டாம்பு வைத்து ஒரு ரிப்போர்ட். காஞ்சிபுரம் வட்டாரத்தில் அந்த ரிப்போர்ட்டுக்கு மறுபேச்சு கிடையாது. மறுபேச்சு எல்லாம் அவர் வீட்டுக்குள் காத்திருந்தது.

இளவரசி பட்டு நெய்பவள். கல்யாணமாகி ஒன்பது வருடமாகத் தினமும் டவுன் பஸ் ஏறிப் பெரிய காஞ்சிபுரத்துக்குப் போய், அம்மா வீட்டில் போட்டிருக்கும் தன் தறியில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவாள். இப்போது அவள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தறி இருக்கும் அறை அவனுக்கு வேண்டும். ஆடி பிறப்பதற்குள் தறி இடம் மாற வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை வேறு பாதியில் நிற்கிறது.

"தறிய இங்க கொண்டாந்துடலாம்னு பாக்கறேங்க" என்றாள், இட்லி வைத்தபடி.

"கொண்டா. யாரு வேணாம்னா? எங்க போடுவ?"

"ஹால்ல போடலாம். இல்லன்னா உங்க ரூம்ல போடலாம்."

குளியலறையில் பயந்தது இட்லித் தட்டுக்கே வந்துவிட்டது.

"என் ரூம்லயா? அது ஆபீஸும்மா."

"ஆபீஸ்ல என்னா வேல நடக்குது?"

"யோசன பண்ணுவேன்."

"நீங்க யோசன பண்றப்போ கொறட்ட சத்தம் வருதே."

"அது ஃபேன் சத்தம்."

"கரண்டு போனப்பவும் வருது."

சந்தோஷ்குமார் தண்ணீர் குடித்தார். இளவரசி கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"சரிங்க. ஊரு பூரா வீடு பாத்துச் சொல்றீங்க. இதையும் நீங்களே பாத்துச் சொல்லுங்க. வாயால வேணாம். எல்லாருக்கும் குடுக்கற மாதிரி எழுதி, ஸ்டாம்பு வெச்சுக் குடுங்க. அதுல என்னா போட்டிருக்குதோ, அதும்படி நான் நடந்துக்கறேன்."

சந்தோஷ்குமாருக்குக் காதில் தேன் பாய்ந்தது. ரிப்போர்ட்டா? எழுதச் சொல்கிறாளா? அவரையா? ஒரு சந்து வீட்டில் நாற்பத்தேழு குறை கண்டுபிடித்து, விற்க வந்தவரையே குடிமாற வைத்த கை அது.

ஆனாலும் இது சாதாரண ஆளுக்கு எழுதும் ரிப்போர்ட் இல்லை. கூட்டாளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது என்று போனை எடுத்தார். வீடு பார்க்கும் தொழிலில் இருக்கும் முப்பது பேர் சேர்ந்து 'விரிசல் சங்கம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். போகிற வீடுகளில் பார்க்கும் விசித்திரங்களைப் போட்டுச் சிரிப்பதும், வழி தெரியாவிட்டால் கேட்டுக்கொள்வதும் அங்கேதான். அன்று காலையில்கூட ஓரிக்கை அந்தோணி ஒரு குரல் பதிவு போட்டிருந்தார்.

"ஒரு வூட்டுக்குப் போனேம்பா. மழ பெஞ்சா காலிங் பெல்லு தானா அடிக்குதாம். வூட்டுக்காரம்மா ரெண்டு வருஷமா மழயில கதவத் தொறந்து, 'யாரு?'ன்னு கேட்டுக்கினு இருக்காங்க. ஸ்விட்சுக்குள்ள தண்ணி எறங்குது, அவ்ளோதான். சரி பண்றேன்னா வேணாங்கறாங்க. மாடியில துணி காயறது அந்த பெல்லு அடிச்சாதான் ஞாபகம் வருதாம்!"

அதற்கு ஆரணி வீராசாமி பதில் போட்டிருந்தார்: "இதாவது தேவல. நான் பாத்த வூட்ல பெட்ரூம் ஸ்விட்சப் போட்டா பக்கத்து வூட்டு மோட்டாரு ஓடுது. பத்து வருஷமா அந்த ஆளு 'என் டேங்க்கு தானா ரொம்புது, ஆண்டவன் புண்ணியம்'னு தேங்கா ஒடச்சிக்கினு இருக்கறாரு."

இந்தச் சபையில் போய், என் மனைவி என் அறையைக் கேட்கிறாள் என்று சொல்ல முடியுமா? மானம் என்று ஒன்று இருக்கிறதே. சந்தோஷ்குமார் இப்படிப் பேசி அனுப்பினார்: "ஒரு கிளையண்ட்டு. அவரு ரூம வூட்டம்மா சாமான் போட கேக்கறாங்க. குடுக்க மனசில்ல. மறுத்துப் பேசவும் தைரியம் இல்ல, பாவம். ரிப்போர்ட்டுல என்னா எழுதலாம்?"

சங்கம் களைகட்டியது. தைரியம் இல்லாத கிளையண்ட்டின் மேல் எல்லாருக்கும் ஒரு தனிப் பரிவு வந்துவிட்டது.

"ஈரத்தப் போடு தலைவா" என்றார் அந்தோணி. "ஈரம்னாலே பொம்பளைங்க சாமானத் தூக்கிக்கினு ஓடிப்புடுவாங்க. வெயிலு வராது, காத்து வராதுன்னு சேத்துக்க."

"தர ஸ்ட்ராங்கு இல்லன்னு எழுது. வேற ஒரு எடத்த ஓஹோன்னு புகழ்ந்தும் எழுதிடு. அப்பதான் மனசு அங்க போவும்" என்றார் வீராசாமி.

இதில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் அழகு. ஆபீஸ் அறையின் சுவர் உண்மையிலேயே ஈரம். தொட்டியிலிருந்து சமையலறைக்குப் போகும் பைப்பு ஒன்று சுவருக்குள் மூன்று வருடமாகக் கசிந்துகொண்டிருந்தது. ஊர் வீட்டுக் கசிவையெல்லாம் கண்டுபிடிக்கிறவர், தன் வீட்டுக் கசிவின் மேல் ஒரு காலண்டரை மாட்டி வைத்திருந்தார். இப்போது காலண்டரைக் கழற்றி, மெஷினை வைத்துப் பார்த்தார். முள் எகிறியது. பெருமையாக இருந்தது.

இரண்டு பக்கம் ரிப்போர்ட். முதல் பக்கத்தில் அறை: 'வருடம் முழுவதும் ஈரம் உள்ளது. தரை எந்நேரமும் குளிர்ச்சியாக இருக்கும். நேரடி வெயில் விழாது. காற்று உள்ளே வர வழியில்லை. தளத்துக்கு அடியில் இளகிய மண். ஒரே ஆள் அரை நாளில் பள்ளம் தோண்டிவிடலாம்.' இரண்டாம் பக்கத்தில் மொட்டைமாடித் தகரக் கொட்டகை: 'வெளிச்சம் தாராளம். காற்று தாராளம். ஈரம் அறவே இல்லை. அமர்ந்து பணிபுரிய மிகச் சிறந்த இடம்.' கீழே கையெழுத்து. ஸ்டாம்பு ஒன்றுக்கு இரண்டாக விழுந்தது.

இளவரசி ரிப்போர்ட்டை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாள்.

"தர எப்பவும் சில்லுனு இருக்குமா?"

"எப்பவும்."

"சித்திர வெயில்லயும்?"

"அக்னி நட்சத்திரத்துலயும். கால வெச்சா ஜில்லுங்கும்."

"கதவ சாத்திட்டா காத்து வராதா?"

"பொட்டுக்கூட வராது. நான் அதுல எப்படிம்மா குந்திகினு இருக்கேன்னு எனக்கே ஆச்சரியம்."

"மண்ணு இளகலா?"

"கடப்பாரயே வேணாம். மம்புட்டி போதும்."

"மாடிக் கொட்டா அவ்ளோ நல்லாவா இருக்குது?"

"சொர்க்கம்!"

"சரிங்க. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள் இளவரசி. ரிப்போர்ட்டை மடித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள்.

ஒன்பது வருடத்தில் முதல் வெற்றி. சந்தோஷ்குமார் ஆபீஸில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, 'கிளையண்ட்டு ஜெயிச்சிட்டார்' என்று சங்கத்துக்குச் செய்தி அனுப்பினார். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று மத்தியானம் அவர் வெகுநேரம் யோசனை பண்ணினார்.

புதன்கிழமை மாகறலில் ஒரு வீடு பார்க்கப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது வாசலில் ஒரு குவியல் மண். பக்கத்தில் உடைத்த சிமெண்ட் தளம். உள்ளே பேச்சுக் குரல். ஓடிப் போய்ப் பார்த்தால், ஆபீஸுக்கு நடுவில் இடுப்பளவு ஆழத்துக்குச் சதுரமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்கு மேல் தறி மரங்களை ஆசாரி பொருத்திக்கொண்டிருந்தார். பள்ளத்துக்குள் காலைத் தொங்கப் போட்டு, மிதிக்கட்டை எட்டுகிறதா என்று இளவரசி மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இளவரசி! என்னாம்மா இது?"

"குழித்தறிங்க. குழி இல்லாம எப்படி மிதிக்கறது?"

சந்தோஷ்குமார் குடும்பத்தில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. அப்பா கொத்தனார். மாமியார் வீட்டுக்குப் போனாலும் சந்தோஷ்குமார் திண்ணையோடு திரும்பிவிடுவார்; பட்டுப் புடவையைக் கடைப் பெட்டியில் மடித்து வைத்துத்தான் பார்த்திருக்கிறார். தறி என்றால் கட்டில் மாதிரி நாலு காலில் நிற்கும், தூக்கிப் போட்ட இடத்தில் கிடக்கும் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஈரம்மா! ரிப்போர்ட்டுல போட்டிருந்தேனே, ஈரம்!"

"அதப் பாத்துதாங்க முடிவே பண்ணேன். காஞ்ச எடத்துல பட்டு இழ பொட்டு பொட்டுனு அறுந்துடும். தர ஈரமா இருந்தா தறியில நீட்டிக் கட்டின பாவு நெகிழ்வா நிக்கும். எங்கம்மா வூட்ல இதுக்குன்னே தெனம் தண்ணி தெளிப்பாங்க. இங்க தானா ஊறுதுன்னு ஸ்டாம்பு வெச்சுக் குடுத்திருக்கீங்களே!"

"வெயிலு வராதுன்னு…"

"வந்தா சாயம் வெளுத்துடுமே."

"காத்து?"

"காத்து பட்டா பாவு ஒலந்துடும். மண்ணு இளகல்னீங்களா, மத்தியானத்துக்குள்ள குழி முடிஞ்சிடுச்சு. நான்கூட ஹால்ல போட்டுடலாம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். ரிப்போர்ட்டுக்கு அப்பறம் மனசு கேக்கல."

ஆசாரி தலையைத் தூக்கி, "நல்ல எடமா பாத்துக் குடுத்திருக்கீங்க சார். இந்த மாதிரி எடம் தேடினாலும் கெடைக்காது" என்றார். பாராட்டு ஒன்று இவ்வளவு வலிக்கும் என்று சந்தோஷ்குமாருக்கு அன்றுதான் தெரிந்தது.

"என் நாற்காலி?"

"மாடியில."

"மாடியிலயா?"

"அவ்ளோ வெளிச்சம், அவ்ளோ காத்து, உக்காந்து வேல செய்ய சொர்க்கம்னீங்க. அங்க குழியும் தோண்ட முடியாது. தோண்டினா என் காலு நம்ம ஹாலு ஃபேன்ல மாட்டிக்கும். அதான் உங்களுக்கே குடுத்துட்டேன்."

மறுநாள் பதினோரு மணிக்குத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தபோது, நாற்காலியின் கைப்பிடி சுட்டது. கொட்டகைக்குக் கதவே கிடையாது, தாழ்ப்பாளுக்கு எங்கே போவது? வேறு வழியில்லாமல் சங்கத்தில் உண்மையைக் கக்கினார். கிளையண்ட்டு நான்தான். சாமான் என்றது தறி. ஈரம் என்றது சுவருக்குள் கசியும் பைப்பு.

ஐந்து நிமிடம் வெறும் சிரிப்புப் பொம்மைகளே வந்தன. பிறகு வீராசாமி குரல் அனுப்பினார்: "யோவ்! ஆரணியில பொறந்தவன்யா நானு. தறின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஈரத்தப் பத்தி மூச்சு உட்டிருப்பனா? தறி போடறவங்க ஈரமான எடத்தத்தான்யா தேடுவாங்க!"

அந்தோணி மட்டும் கைவிடவில்லை. "தலைவா, எந்த ஈரத்தால போச்சோ, அதுலயே புடி. அந்தக் கசிவ அடைச்சுடு. ரூமு காயும். இழ அறுந்துடும். அவங்களே தறியப் பிரிச்சுக்கினு ஹாலுக்குப் போயிடுவாங்க."

சந்தோஷ்குமாருக்கு மீண்டும் உயிர் வந்தது. மூன்று வருடமாகக் கைவைக்காத கசிவு. ஞாயிற்றுக்கிழமை இளவரசி தம்பிக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில், சமையலறைப் பக்கமாகச் சுவரை உடைத்து, பைப்பை மாற்றி, பூசி, தடயம் தெரியாமல் துடைத்தும் வைத்தார். இவ்வளவு சுத்தமாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை.

நான்கு நாள் நல்ல வெயில். ஐந்தாம் நாள் கீழேயிருந்து தறிச் சத்தம் விட்டு விட்டு வந்தது. நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. இழை அறுகிறது! மாடியில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்தையும் ரசித்தார். அறுந்த இழையை முடிந்து முடிந்து அவள் விரல் நோகுமே என்று ஒரு கணம் மனசு சங்கடப்பட்டது. மறு கணம் சாய்வு நாற்காலியை எந்த மூலையில் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்னாங்க! கொஞ்சம் எறங்கி வாங்க."

முகத்தைக் கவலையாக்கிக்கொண்டு இறங்கினார். இளவரசி ரூம் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"பைப்ப மாத்திட்டீங்களா?"

"எந்தப் பைப்பு?"

"சொவத்துல பூச்சு புதுசா இருக்குது."

"அது… ஒரு நல்லெண்ணத்துல… வூட்டுக்கு நல்லதுன்னு…"

"நல்ல காரியம் பண்ணீங்க. அது ஒரு நாளு ஜாஸ்தியா கசியும், ஒரு நாளு கம்மியா கசியும். நம்பி நெய்ய முடியல. நானே சொல்லணும்னு இருந்தேன்."

இளவரசி சமையலறைக்குள் போய், நிரம்பிய குடம் ஒன்றைத் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இனிமே தெனம் காலையில ரூமு அஞ்சு நிமிஷம் உங்களுக்குத்தான். குழிய சுத்தி பதமா தெளிச்சிட்டு, வரப்போ கதவ சாத்திட்டு வந்துடுங்க."